அவள் சொன்னதும் நான் சொன்னதும்

அம்பிட்டியவில் எங்கள் வீடு தெருவுக்குக் கீழே இருக்கிறது. தெருவில் நிற்பவருக்குக் கூரைத் தகரம்தான் தெரியும். பஸ்ஸுக்குப் போவதென்றால் சரிவில் கட்டிய சீமெந்துப் படிகளில் ஏறித்தான் ஆகவேண்டும். என் மனைவி அந்தப் படிகளின் நடுவில் நிற்கத் தொடங்கியபோது அவள் பலா மரத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். காய்க்கும் காலத்தில் யாரும் அதை நின்று பார்ப்பார்கள். காய் இல்லாத காலத்திலும் அவள் நின்றாள். நான் மேலே தெருவில் நின்றுகொண்டு, "பஸ் போயிரும், வா" என்று கத்தினேன். ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை.

அவள் போய்விட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க விரும்புகிறேன். என் வயதில் இதை இனியும் தள்ளிப்போட முடியாது.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து, கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். அந்தக் காலத்தில் தமிழில் நல்ல புத்தகங்கள் கிடைப்பது அரிது. ஆங்கிலப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நானே குறிப்புகளை மொழிபெயர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். மூலத்தில் உள்ள ஒரு சொல்லையும் விடமாட்டேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கொலஸ்ட்ரோல் பற்றிய பாடம் எனக்குப் பிடித்தது. கொலஸ்ட்ரோல் சாப்பாட்டில் மட்டும் வருவது என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வருவார்கள். பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது என்றதும் விழிப்பார்கள். அது விஷமல்ல என்பேன். ஒவ்வொரு கலத்தின் சவ்வுக்கும் அது வேண்டும், பித்தத்துக்கு வேண்டும், ஆணை ஆணாகவும் பெண்ணைப் பெண்ணாகவும் வைத்திருக்கும் சுரப்புகளுக்கு வேண்டும். அதைச் செய்வதற்கு உடம்பில் நீண்ட வேலை நடக்கிறது. அந்த வேலையின் தொடக்கத்தில் ஒரு நொதியம் நிற்கிறது. எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்பது அதன் நீளமான பெயர். மொத்த வேலையின் வேகமும் அதன் கையில்தான். "பெக்டரிக்கு எவ்வளவு கொழுந்து வந்தாலும், வாடப்போடுற தட்டுல எவ்வளவு இடமோ அவ்வளவுதான் தேயில" என்று சொல்வேன். தோட்டத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், விளங்கிவிடும். இந்த நொதியத்தைத் தடுக்கும் மாத்திரையை விழுங்கினால் கல்லீரல் தனக்குத் தேவையான கொலஸ்ட்ரோலை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும், இரத்தம் தெளியும். அவ்வளவுதான் நான் படிப்பித்தது. அந்த நொதியம் தசையிலும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பரீட்சைக்கு அது வராது என்பதால் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மாரடைப்பு வந்தது. மனைவிதான் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது எனக்கு எழுதிக் கொடுத்தவற்றில் இந்த மாத்திரையும் இருந்தது. வாழ்நாள் முழுவதும் கரும்பலகையில் எழுதிய ஒன்று என் உள்ளங்கையில் கிடந்தது. அதை விழுங்கும்போது எனக்கு ஒரு விதமான சந்தோஷம்கூட இருந்தது. இரத்தப் பரிசோதனையில் எண்கள் இறங்கின. மறுபடி நடந்தேன், படி ஏறினேன். பிறகு அவளுக்கும் கொலஸ்ட்ரோல் கூடுதல் என்று தெரிந்ததும் அதே மாத்திரையை அவளுக்கும் கொடுத்தார்கள். இருவரும் இராச் சாப்பாடு முடிந்து மேசையில் எதிரெதிரே இருந்து விழுங்குவோம்.

முதல் சில வருடங்கள் அவளுக்கு ஒன்றும் இல்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும். இந்த மாத்திரை கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றுகிறது. என்னையும் காப்பாற்றியது. இதை வாசித்துவிட்டு யாராவது தன் மாத்திரையை வீசினால் அது என் இரண்டாவது பாவமாகும்.

நாங்கள் போன கிளினிக் நகரத்துக்கு வெளியே ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரியில். அங்கிருந்த டொக்டர் சிங்கள இளைஞர், மிகவும் மரியாதையானவர். என் மனைவிக்கு, மாக்கெட்டில் மீனுக்கு விலை பேசுகிற சிங்களம் தெரியும். தொடைக்குள் நடப்பதைச் சொல்லுகிற சிங்களம் தெரியாது. அதனால் அவள் எனக்குச் சொல்வாள், நான் டொக்டருக்குச் சொல்வேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் நான் ஆங்கிலத்தில் பேசினேன். நான் உயிரியல் ஆசிரியர் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் என்னை "சேர்" என்று கூப்பிடத் தொடங்கினார். ஒருநாள் நான் அந்த நொதியத்தின் முழுப் பெயரையும் சொன்னதும் அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சேர், என்னுடைய பட்ச்சிலேயே பாதிப் பேர் இதை மறந்திருப்பார்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் எங்கள் முறை வந்ததும் நானும் அவரும் இரண்டு மூன்று நிமிடம் அதைப் பற்றிப் பேசுவோம். ஒரு நோயாளிக்குக் கிடைப்பதே ஐந்து நிமிடம். வெளியே நீள வாங்குகளில் ஆட்கள் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதியை நான் எடுத்துக்கொண்டேன். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாள்.

படியில் நிற்கத் தொடங்கிய அந்த நாட்களில் ஒருமுறை, டொக்டர் இரத்த அழுத்தம் பார்த்து முடித்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, டொக்டர்கிட்ட சொல்லுங்க. தொட ரெண்டும், மழையில நனைஞ்ச கொழுந்து நெறஞ்ச கூடையக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுக்குது. உக்காந்தா எந்திரிக்க முடியல. கையத் தலைக்கு மேல தூக்கி உடுப்பு காயப்போட முடியல. நோவுன்னு சொல்ல ஏலாது, பாரம். பெலன் எங்கயோ போயிருச்சு. அதச் சொல்லுங்க."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில், "கொஞ்சம் களைப்பாக இருக்கிறதாம். வயது" என்றேன்.

"தசை நோவு ஏதும் உண்டா, சேர்?"

"நோவு இல்லை என்கிறாள்."

பொய் என்று சொல்ல முடியாது. நோவு என்று சொல்ல ஏலாது என்றுதான் அவளும் சொன்னாள். பிற்பாடு எத்தனையோ முறை இந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்திருக்கிறேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். காரணம் அந்தக் கூடை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் கொஞ்சக் காலம் கொழுந்து பறித்தவள். அவளைக் கட்டியபோது எனக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை. பிறகு, ஆசிரியர் விடுதியில், கல்யாண வீடுகளில், நகரத்து ஆட்களோடு பழகப் பழக வெட்கம் வந்தது. வகுப்பில் நான் பெக்டரியைப் பற்றிப் பேசுவேன், கூடையைப் பற்றிப் பேசமாட்டேன். என்னை "சேர்" என்று கூப்பிடும் டொக்டரின் மேசைக்கு மேலே என் மனைவியின் ஈரக் கூடையைத் தூக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்ப்பவன் என்று பெயர் வாங்கியவன், அன்றைக்கு அவள் சொன்னது முழுவதையும் விட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம், "கூடைக் கதையெல்லாம் டொக்டர்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்று கேட்டேன்.

"பின்ன எந்தக் கதையச் சொல்றது? எனக்குத் தெரிஞ்ச பாரம் அதுதானே" என்றாள். அதற்குப் பிறகு கிளினிக்கில் அவள் கூடை என்ற சொல்லைச் சொல்லவே இல்லை.

வீட்டிலும் மாற்றங்கள் தெரிந்தன. தேங்காய் துருவும் பலகையில் குந்தினால் எழும்ப முடியாமல் மேசைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழும்புவாள். ஒருநாள் அதுவும் முடியாமல் அங்கேயே இருந்துகொண்டு, "இந்தா வாத்தியாரே, ஒரு கை குடுங்க" என்று கூப்பிட்டாள். நான் தூக்கிவிட்டேன். "நல்லது, இனி தேங்காச் சம்பல் இல்ல. கொலஸ்ட்ரோலுக்கு அதுதான் மருந்து" என்று சொன்னேன். அவளும் சிரித்தாள். நான் சொன்னது பகிடியாகவே இருந்தாலும் அன்றைக்கு அவள் தோளுக்குக் கீழே நான் கொடுத்த கைக்கு அவளுடைய உடம்பின் கனம் தெரிந்தது. தன் காலால் அவள் ஒரு துளியும் உன்னவில்லை. அது என் கைக்குத் தெரிந்தது. தலைக்கு ஏறவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த அம்மாவின் தாய்வீடு கட்டுகஸ்தோட்டையில். மதிலுக்கு மேலால் என் மனைவியோடு நாள் முழுதும் பேசுவார். ஒருநாள் கஞ்சிக் கோப்பையோடு வந்தவர் என் மனைவி கதிரையிலிருந்து எழும்பப் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டார்.

"சேர், எனக்கு ஒன்னு வெளங்குதில்ல. அக்காக்கு இந்தக் குளிசதான் ஒத்துக்கொள்றில்ல போல. எங்கட வாப்பாக்கும் இப்பிடித்தான் கால் செத்துப்போன மாதிரி ஆச்சி. குளிசய நிப்பாட்டினதும் நல்லாயிட்டு. டொக்டரிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்களே."

நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். கல்லீரல், நொதியம், இரத்தக்குழாய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பையைப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சேர் செல்றது சரியா ஈக்கும். ஆனா அக்கா நடக்கிறா இல்லயே" என்றார்.

நான் கோபத்தில் உள்ளே போய்விட்டேன்.

அந்த வாரம் என் மனைவி மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு போய்க் குசினித் தொட்டியில் துப்பியதைக் கண்டேன். நான் பயந்தேன். எனக்கு நெஞ்சு அடைத்த நாள் நினைவுக்கு வந்தது. அவளுக்கும் அப்படி வந்தால் இந்தப் படிகளில் எப்படித் தூக்கிக்கொண்டு ஏறுவது என்ற பயம். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் அதோடு என் பாடத்தை நம்பாமல் பக்கத்து வீட்டுப் பேச்சை நம்பினாளே என்ற ஆத்திரமும் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து மாத்திரையை நானே கையில் கொடுத்து, தண்ணீர் குடித்து முடித்ததும், "வாயத் தொற" என்று பார்ப்பேன். அவள் ஒரு சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். சில நாட்களில் கண்ணை மூடிக்கொள்வாள்.

படி ஏறவே முடியாமல் போனதும் நான் மட்டும் கிளினிக்குக்குப் போகத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். நோயாளி வராவிட்டாலும் வீட்டார் போய் மாத மருந்தை வாங்கி வருவார்கள். டொக்டர் "வைஃப் எப்படி?" என்று கேட்பார். "சுகம்" என்பேன். பிறகு நாங்கள் வேறு எதையாவது பேசுவோம்.

அந்த டொக்டர் மாற்றலாகிப் போனார். அவருடைய கதிரையில் ஒரு இளம் பெண் வந்தார், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நான் வழக்கம்போல ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அவர் தமிழிலேயே பதில் சொன்னார்.

"ஐயா, அம்மா எங்கை?"

"அவளுக்குக் கொஞ்சம் நடக்கிறது கஷ்டம். நான் மருந்த எடுத்துட்டுப் போறேன்."

"நடக்கிறது கஷ்டம் எண்டா நான் அவவைப் பாக்கவெல்லோ வேணும். இந்த முறை தாறன். அடுத்த முறை ஆளைப் பாக்காமல் தரமாட்டன். எப்பிடியாவது கூட்டிக்கொண்டு வாங்கோ."

பக்கத்து வீட்டுக்காரரும் ஓட்டோக்காரரும் அவளைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்திப் படியில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஏறும்போது அவள், "பாத்து, பாத்து. தேர் கவுந்துராம" என்று பகிடி விட்டாள். மேலே தெருவுக்கு வந்ததும் பலா மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கன்னம் ஒட்டி, தோளில் சட்டை தொங்கியது. பகல் வெளிச்சத்தில், தெருவில் வைத்துப் பார்த்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

டொக்டர் எழும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"சொல்லுங்கோ அம்மா. என்ன செய்யுது?"

என் மனைவி பழக்கத்தில் என்னைப் பார்த்தாள்.

"ஐயாவைப் பாக்காதேங்கோ. எனக்குச் சொல்லுங்கோ."

அவள் சொன்னாள். உட்கார்ந்தால் எழும்ப முடியாதது, கை தூக்க முடியாதது, தலை சீவ நான் உதவுவது, சோறு சில நேரம் தொண்டையில் நிற்பது. சோறு தொண்டையில் நிற்பது எனக்கே அன்றுதான் தெரியும். "பாரமா இருக்கும்மா" என்றாள்.

"என்ன மாதிரிப் பாரம்?"

என் மனைவியின் கண் ஒரு கணம் என் பக்கம் வந்து போனது. நான் தரையைப் பார்த்தேன்.

"சும்மா பாரம்" என்றாள்.

டொக்டர் அவளுடைய கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டச் சொல்லி, எழும்பச் சொன்னார். அவள் முன்னால் சாய்ந்தாள், பின்னால் சாய்ந்தாள். கதிரை ஆடியது. அவள் எழும்பவில்லை. டொக்டர் தொடையை அமர்த்திப் பார்த்தார். "கையைத் தூக்குங்கோ" என்றார். தோள் மட்டத்துக்கும் போகவில்லை.

"இது எவ்வளவு நாளா அம்மா?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"ரெண்டு வருசமோ? முந்தி இருந்த டொக்டரிட்ட இதைச் சொல்லேல்லையோ?"

அறையில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இல்லம்மா. நாந்தான் சொல்லல. வயசுக் கோளாறுன்னு விட்டுட்டேன்."

"அப்பிடி விடலாமோ அம்மா?" என்று டொக்டர் அவளைக் கடிந்துகொண்டார். என் மனைவி தலையைக் குனிந்து, செய்யாத குற்றத்துக்கு ஏச்சு வாங்கினாள். நான் பக்கத்தில் இருந்தேன். என்னிடம் அப்போது மூன்று மொழிகள் இருந்தன. ஒன்றிலும் ஒரு சொல் வரவில்லை.

அன்றே அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். இரத்தம் எடுத்தார்கள். தசை நொறுங்கும்போது இரத்தத்தில் கலக்கும் ஒரு பொருள் அவளிடம் இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்னொரு பரிசோதனைக்கு இரத்தம் வெளியூருக்குப் போய், முடிவு வர நாளானது. வந்ததும் அந்தப் பெண் டொக்டர் என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார். நான் ஆசிரியர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொன்னார். நான் ஒரு மாணவன் போலக் கேட்டேன்.

மாத்திரை அந்த நொதியத்தைத் தடுக்கும்போது, தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கலங்கள் அதே நொதியத்தை இன்னும் அதிகமாகச் செய்கின்றன. மிக அரிதாக, சிலருடைய உடம்பில், நோயை எதிர்க்கும் படை அந்த நொதியத்தையே எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு எதிராகப் பிறபொருளெதிரிகள் உண்டாகின்றன. தசை அழிகிறது. அழிந்த இடத்தைச் சீர்செய்ய முளைக்கும் புதிய தசை நார்களில் அந்த நொதியம் இன்னும் கூடுதல், அவையும் அடி வாங்குகின்றன. ஒருமுறை பற்றிக்கொண்டால் மாத்திரையை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. சாதாரணத் தசை நோவு, மாத்திரையை விட்டதும் போய்விடும். பக்கத்து வீட்டு அம்மாவின் வாப்பாவுக்கு வந்தது அதுவாக இருக்கும். இவளுக்கு வந்தது வேறு.

"முதலே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"முதலே தெரிஞ்சிருந்தா மருந்து நல்லாக் கேட்டிருக்கும் ஐயா. இப்ப நிறையத் தசை கொழுப்பா மாறிட்டுது. அது திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாத்தப் பாப்பம்."

உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைக் கொடுத்தார்கள். முகம் ஊதியது. இரண்டு மாதத்தில் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஒருநாள் பின்னேரம் அவள் தானே கையைத் தூக்கி நெற்றியில் பொட்டு வைத்தாள். கோணலாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டினார். நான் கண்ணாடி எடுத்து வந்து காட்டினேன். "பேய் மாதிரி இருக்கேன்" என்றாள். ஆனாலும் அதை அழிக்க விடவில்லை.

மழைக் காலத்தில் சளி பிடித்தது. எதிர்ப்பை அடக்கிய உடம்பு, விழுங்கத் தெரியாத தொண்டை. சளி நுரையீரலுக்குப் போனது. ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தோம்.

ஒரு பார்வை நேரத்தில் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நான் சொன்னேன். "நீ சொன்னத நான் அந்த டொக்டர்கிட்ட சொல்லல. களைப்புன்னு மட்டுந்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். ஒட்சிசன் குழாய் மூக்கில் இருந்ததால் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "நான் அவ்வளவு நேரம் பேசுறேன். நீங்க ஒரே மூச்சுல முடிச்சிட்டீங்க. இங்கிலீசு ரொம்பச் சின்ன பாசையாக்கும்னு நெனச்சிக்கிட்டேன்."

என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் சிரித்து, இருமினாள்.

"ஏன் கேக்கல நீ?"

"படிச்சவரு. எவ்வளவு சொன்னா போதும்னு உங்களுக்குத் தெரியும்னு இருந்தேன்."

"அந்த டொக்டர் புள்ளகிட்ட பழிய ஏன் உன்மேல போட்டுக்கிட்ட?"

"அது உங்கள ஐயா ஐயான்னு கூப்புட்டுச்சு. வேற என்ன செய்ய?"

"கோவமா?"

"கோவிச்சுக்கிட்டு எங்க எந்திரிச்சுப் போறது?" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மணி அடித்தது. தாதி மிஸ் வந்து, பார்க்க வந்தவர்களை வெளியே போகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் இறந்தாள். உடலை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது படியில் இறக்கியவர்கள், இவ்வளவு பாரமில்லாமல் இருக்கிறாரே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு மருந்து முடிந்திருந்தது. காரியங்கள் முடிந்த பிறகு கிளினிக்குக்குப் போனேன். டொக்டருக்குச் செய்தி தெரிந்திருந்தது. துக்கம் விசாரித்தார். பிறகு, "அம்மா கொஞ்சம் முந்திச் சொல்லியிருந்தா…" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"சொன்னா" என்றேன்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி, இதே அறையில சொன்னா. நான்தான் டொக்டருக்கு எடுத்துச் சொல்லல. அன்னைக்கு அவ உங்ககிட்ட பொய் சொன்னது எனக்காக."

"என்ன சொன்னவ ஐயா?"

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னேன். தொட ரெண்டும், மழையில நனைஞ்ச கொழுந்து நெறஞ்ச கூடையக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுக்குது. உக்காந்தா எந்திரிக்க முடியல. நோவுன்னு சொல்ல ஏலாது, பாரம். ஒரு சொல்லையும் நான் மறந்திருக்கவில்லை.

டொக்டர் கதிரையை என் பக்கம் இழுத்துக்கொண்டார். "மழையில நனைஞ்சா கொழுந்து அவ்வளவு பாரமோ ஐயா? எனக்குத் தெரியாது" என்றார்.

நான் விளக்கினேன். இலைக்கு இலை தண்ணீர் ஒட்டியிருக்கும். கூடை நிறைந்ததும் கயிறு உச்சந்தலையில் வெட்டும், தண்ணீர் முதுகால் இறங்கித் தொடையில் ஓடும், சரிவில் கால் வைத்தால் கால் தன்னுடையது போல இருக்காது. என் அம்மா சுமந்தாள். என் மனைவி சுமந்தாள். அந்த அறையில் அந்த மேசைக்கு முன்னால் இருந்து நான் அதைச் சொல்லி முடிக்கும்வரை அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. வெளியே வாங்குகளில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"இதைக் கேட்டிருந்தா ஆரும் தொடையைத் தொட்டுப் பாத்திருப்பினம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு வேண்டியிருந்த தீர்ப்பு அதுதான்.

பிறகு என் முறை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "நீங்களும் அந்தக் குளிசைதான் எடுக்கிறியள். கால் ஏலாமை, பாரம் ஏதும் இருக்கோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசித்தேன். இல்லை என்றேன்.

அவர் மாத்திரையை எழுதித் தந்தார். பஸ்ஸில் வந்து, தெருவில் இறங்கி, படிகளில் இறங்கினேன். கடைக்குப் போக மறந்தது நினைவுக்கு வர, திரும்பி மேலே ஏறினேன். பலா மரத்துக்கு நேரே வந்ததும் நிற்க வேண்டும்போல இருந்தது. கால்கள் நிற்கவில்லை. அவை என்னை இலேசாக மேலே கொண்டுபோய் விட்டன.